எதிராளியின் ஏட்டில் வாழ்ந்தவர்கள்





ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். அந்த ஐந்தில் வளையாபதியையும் குண்டலகேசியையும் முழுமையாகப் படித்தவர் இன்று யாரும் இல்லை. படிக்க நூல் இல்லை. நாதகுத்தனார் பாடிய குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தில் நம் கைக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்கள்தாம்.

ஆனாலும் அதன் கதை நமக்குத் தெரியும். வணிகர் வீட்டுப் பெண் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட காளன் என்ற கள்வனைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். தந்தை அவனை மீட்டு மகளுக்குக் கட்டிவைக்கிறார். ஒருநாள் ஊடலில் அவள் வாய்தவறிப் பழைய கதையைச் சொல்லிவிட, அவன் வஞ்சம் வைத்து மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அவன் எண்ணம் புரிந்ததும், “சாகுமுன் உங்களை ஒருமுறை வலம் வந்துவிடுகிறேன்” என்கிறாள் பத்திரை. வலம் வந்தவள் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். அதன்பின் துறவியாகி, ஊர் ஊராகச் சென்று நாவல் கிளையை நட்டு, வாதத்துக்கு வா என்று அறைகூவுகிறாள். புத்தரின் மாணவர் சாரிபுத்தரிடம் தோற்று, பிக்குணி ஆகிறாள்.

பாலி நூல்களிலும் இந்தக் கதை சற்றே வேறுபட்டு உண்டு. தமிழில் இதை நமக்குச் சொல்பவர் பௌத்தர் அல்லர்; சமணர். குண்டலகேசியை முறியடிப்பதற்கென்றே நீலகேசி என்ற சமணக் காப்பியம் எழுந்தது. அதை இயற்றியவர் பெயர் தெரியாது. அதற்கு உரை எழுதியவர் சமய திவாகர வாமன முனிவர். மூலநூல் குண்டலகேசியை மறுக்கும் இடங்களில் உரைகாரர் அந்த நூலின் பாடல்கள் பலவற்றுக்கு முதற்குறிப்பு காட்டிச் செல்கிறார். வாசகர் கையில் அந்த நூலும் இருக்கும் என்ற நம்பிக்கை போலும். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்தபோது தமிழுலகுக்கு ஒரு நூலும், அதனுள் புதைந்திருந்த இன்னொரு நூலின் சாயலும் சேர்ந்தே கிடைத்தன.

குண்டலகேசியை யாரும் தேடிப்பிடித்து எரித்ததாகச் செய்தி இல்லை. பனையோலை சாகாவரம் பெற்றதல்ல; சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். தமிழ்நாட்டில் பௌத்தம் மெலிந்தபோது படியெடுக்க ஆளில்லாமல் போயிருக்க வேண்டும். நேசித்தவர்கள் அருகிப்போன பிறகு அந்த நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர்கள் அதன் எதிரிகளே. அவர்கள் புண்ணியத்தில்தான் பத்திரை இன்றும் மலையுச்சியில் காளனை வலம் வருகிறாள்.

இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூரம் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது. மதங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வென்றவர் தோற்றவர் கதையாகவே படிக்கிறோம். எதிராளியின் வாதத்தைத் தன் நூலில் எழுதிவைத்தவர்களின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

ஆசீவகத்தை எடுத்துக்கொள்வோம். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்திலேயே மற்கலி கோசாலர் வளர்த்த சமயம் அது. நடப்பதெல்லாம் முன்பே முடிவானவை, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று அது சொன்னதாக அறிகிறோம். அசோகர் பீகாரின் பராபர் குன்றில் கண்ணாடிபோல் இழைத்த குகைகளை ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்தார். கல்வெட்டு இன்றும் இருக்கிறது. குகை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, அவர்களுடைய வேதநூல் ஒன்றுகூட இல்லை. 1951-இல் ஏ. எல். பாஷம் ஆசீவகர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது பௌத்த நூல்களிலும் சமண நூல்களிலும் துழாவினார். வடக்கில் கிடைக்காத பல செய்திகள் அவருக்கு மூன்று தமிழ் நூல்களில் கிடைத்தன: மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார். ஒன்று பௌத்தருடையது, ஒன்று சமணருடையது, ஒன்று சைவருடையது. மூன்று பேருமே ஆசீவகத்தை ஏற்காதவர்கள். அவர்கள் அதை எடுத்துரைக்காமல் விட்டிருந்தால் அணுக்களைப் பற்றியும் பிறவிகளின் நிறங்களைப் பற்றியும் ஆசீவகர் சொன்னதில் நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

மணிமேகலையில் அந்தக் காட்சி அழகானது. வஞ்சி நகருக்குள் மாற்றுருவில் நுழையும் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் தேடிப்போய், உம்முடைய கொள்கை என்ன, சொல்லும் என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, கடைசியில் பூதவாதி. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் பௌத்தர். காப்பியம் எங்கே போய் முடியும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தும் ஒரு முழுக் காதையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறார். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்காத பூதவாதியிடம் மட்டும் மணிமேகலை சிரித்துக்கொண்டே ஒரு கேள்வியை வீசுகிறாள். உன் தாய் தந்தையரை இன்னார் என்று நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்பது அதன் சாரம். மற்றவர்கள் சொல்வதை அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் போகிறாள்.

13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இதை நூலின் அமைப்பாகவே ஆக்கினார். சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதி. சுபக்கம் தன் கொள்கையைச் சொல்லும். அதற்கு முன்னால் வரும் பரபக்கம் பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும். உலகாயதனில் தொடங்கி, பௌத்தரில் நான்கு பிரிவினர், நிகண்டவாதி, ஆசீவகன், பட்டாசாரியன், மாயாவாதி, பாஞ்சராத்திரி என்று 14 பேர் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் அவர் மதம், பிறகு அதன் மறுதலை. இந்த முறையை அருள்நந்தி கண்டுபிடிக்கவில்லை. வடமொழித் தருக்க மரபில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதைத் தமிழில் இவ்வளவு விரிவாக ஓர் ஒழுங்கில் நிறுத்தியது அவர் செய்த காரியம். சைவ சித்தாந்தம் படிக்கப் போகிறவர், ஆசிரியர் சொன்ன வரிசையிலேயே போனால், முதலில் ஒரு நாத்திகரின் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர முடியும்.

வடமொழியிலும் உலகாயதருக்கு நேர்ந்தது இதுதான். அவர்களுடைய பழைய சூத்திர நூல் மறைந்துபோயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர மாதவர் எல்லாத் தரிசனங்களையும் தொகுத்து எழுதியபோது முதல் அத்தியாயத்தை உலகாயதராகிய சார்வாகருக்குக் கொடுத்தார். கடவுள் மறுப்பாளர்களின் வாதத்தை இன்றைக்கும் பலர் அங்கே போய்த்தான் படிக்கிறார்கள். இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. எந்தத் தரிசனத்தின் பிரமாணமும் நிற்காது என்று எல்லோரையும் வம்புக்கிழுத்த ஜயராசி பட்டர் என்பவரின் தத்துவோபப்லவ சிம்மம் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, 1926-இல் குஜராத்தின் பாட்டன் நகரில் ஓலைச்சுவடியாக வெளிப்பட்டது. இருந்த இடம் ஒரு சமண நூல்பண்டாரம். சமணர்களையும் சேர்த்துச் சாடிய நூலைச் சமணர்கள்தாம் கட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

மத்தியதரைக்கடல் பக்கம் போனாலும் இதே கதை. கி.பி. 178-ஐ ஒட்டிக் கெல்சஸ் என்ற கிரேக்கர் கிறித்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, ஆரிஜன் என்ற கிறித்தவ அறிஞரிடம் அவருடைய புரவலர் அம்புரோசு அந்த நூலைக் கொடுத்து, இதற்கு ஒரு மறுப்பு எழுதுங்கள் என்று கேட்டார். ஆரிஜனுக்கு உள்ளூர விருப்பமில்லை. பொய்ச்சாட்சிகள் முன் இயேசுவே மௌனமாகத்தானே நின்றார் என்று முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஆனாலும் எழுத உட்கார்ந்தபின் அரைகுறையாகச் செய்யவில்லை. கெல்சஸின் நூலைப் பத்தி பத்தியாக எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, எட்டுப் புத்தகங்கள் எழுதினார். கெல்சஸின் மூலநூல் போய்விட்டது. அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஆரிஜனின் மேற்கோள்களிலிருந்து அறிஞர்களால் திரட்டிக்கொள்ள முடிந்திருக்கிறது.

அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துப் பார்ஃபிரி என்ற தத்துவஞானி 15 புத்தகங்களாகக் கிறித்தவர்களை எதிர்த்து எழுதியதற்கு வேறு கதி நேர்ந்தது. யூசிபியஸ், மெத்தோடியஸ், அப்பொல்லினாரிஸ் என்று பெரிய பெரிய ஆட்கள் அதற்கு மறுப்பு எழுதினார்கள். ஆனால் அப்போது கிறித்தவத்தின் கையில் அரசும் வந்துவிட்டது. 448-இல் பேரரசர் ஆணைப்படி பார்ஃபிரியின் நூல் எரிக்கப்பட்டது. அதில் இன்று துணுக்குகளே எஞ்சியுள்ளன. மறுத்தவர்களின் நூல்கள் என்னவாயின? அவையும் இல்லை. எல்லாமே காணாமல் போய்விட்டன. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை எரித்த ஊரில் பதிலைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மறுப்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எதிராளி எழுதிய ஏட்டில் நம் முகம் எவ்வளவு கோணலாக விழும் என்பதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது. கி.பி. 180-ஐ ஒட்டி லியோன் நகரின் ஆயர் இரேனியஸ், வாலண்டினஸ் என்ற ஞானியின் வழிவந்த கிறித்தவப் பிரிவினரைக் கண்டித்து விரிவாக எழுதினார். அவர்கள் பரம்பொருளின் படிநிலைகளுக்கு ஆழமான பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். இரேனியஸ் அதைக் கேலி செய்து, முதலில் ஒரு சுரைக்காய், அதனோடு ஒரு வெறுமை, அதிலிருந்து ஒரு வெள்ளரிக்காய், பிறகு ஒரு முலாம்பழம் என்று தன் பங்குக்கு ஒரு தத்துவத்தை உண்டாக்கிக் காட்டினார். படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். 1,700 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அந்தப் பிரிவினரைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட பக்கங்கள் வழியாகவே அறிந்திருந்தது.

1945 டிசம்பரில் எகிப்தின் நாக் ஹம்மாடி ஊர்ப்பக்கம் உரமண் தோண்டிய விவசாயிகளுக்கு ஒரு சாடி கிடைத்தது. உள்ளே தோலுறை போட்ட கையெழுத்து நூல்கள். அந்தத் தொகுதியில் இன்று 13 நூல்களைக் கணக்கிடுகிறார்கள். இரேனியஸ் பெயர் சொல்லித் தாக்கிய ‘உண்மையின் நற்செய்தி’ என்ற நூலே இது என்று பலர் கருதும் படைப்பு ஒன்றும் அதில் இருந்தது. அறியாமை என்பது ஒரு கெட்ட கனவு என்கிறது அது. கனவில் யாரோ துரத்துகிறார்கள், ஓடுகிறோம், உயரத்திலிருந்து விழுகிறோம். விழித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஞானமும் அப்படி ஒரு விழிப்புதான் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. இரேனியஸ் பொய் சொன்னார் என்று கூற முடியாது. புதிதாகக் கிடைத்த நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அவர் தந்த செய்திகள் சில இடங்களில் நன்றாகவே பொருந்துகின்றன. கொள்கையின் எலும்புக்கூட்டை அவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். அதை ஒருவன் ஏன் நம்பினான், அது அவன் நெஞ்சில் எந்த இடத்தைத் தொட்டது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். ஒரு மதத்தின் உயிர் இருப்பதோ அங்கேதான்.

எனக்குத் தெரிந்து, எதிராளிக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற கேள்வியை மிக நேர்மையாக எதிர்கொண்டவர்களில் ஒருவர் இமாம் கஸ்ஸாலி. 1091-இல் பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக அமர்ந்தவர். தத்துவஞானிகளை மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது, அந்தத் துறையில் தேர்ந்தவனுக்குச் சமமாகத் தானும் கற்காதவன் அதன் குறையைக் காண முடியாது என்று முடிவுகட்டினார். 300 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, மிச்ச நேரத்தில் ஆசிரியர் துணையின்றித் தத்துவ நூல்களைப் படித்தார். இரண்டு ஆண்டுக்குள் படித்து முடித்தாராம். பிறகு ஏறத்தாழ ஓராண்டு அதையே மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாராம். அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார்.

தத்துவஞானிகளின் முரண்பாடுகளைக் கண்டித்து எழுதிய புகழ்பெற்ற நூல் தவிர, அவர்களுடைய நோக்கங்களை மட்டும் எடுத்துரைக்கும் தனிநூல் ஒன்றும் அவர் எழுதினார். மறுப்பதற்குமுன் அவர்கள் சொல்வது என்னவென்று அறிய வேண்டும் என்பதே அதன் முன்னுரையின் கருத்து. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இந்த நூல் லத்தீனுக்குப் போனது. பெரும்பாலான லத்தீன் பிரதிகளில் முன்னுரை இல்லை. விளைவு, ஐரோப்பிய அறிஞர்கள் கஸ்ஸாலியை, அவர் மறுத்த தத்துவஞானிகளில் ஒருவரான இப்னு சீனாவின் சீடர்களில் ஒருவர் என்று எண்ணிக்கொண்டார்கள். யாரை எதிர்த்து எழுதினாரோ, அவருடைய ஆள் என்றே பெயர் வாங்கினார். எதிராளியின் வாதத்தை எழுதுவதில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்குமா!

ஆனால் கஸ்ஸாலியின் பக்கத்து ஆட்களுக்கே இது பிடிக்கவில்லை. பாத்தினிய்யா என்ற இஸ்லாமியப் பிரிவினரை மறுத்து அவர் எழுதியபோது, அவர்களுடைய வாதத்தை அவர்களைவிட நன்றாக நீரே எடுத்துக்கட்டிக் கொடுத்துவிட்டீரே என்று ஒருவர் குறைப்பட்டார். கஸ்ஸாலி அந்தக் குறையைத் தட்டிக்கழிக்கவில்லை. அதற்கும் இரண்டரை நூற்றாண்டு முன்னால் பாக்தாதில் நடந்த ஒரு வழக்கை நினைவுபடுத்துகிறார். ஹாரிஸ் முஹாசிபி என்ற பெரியவர் முஃதஸிலாப் பிரிவினரை மறுத்து நூல் எழுதினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அதை ஒப்பவில்லை. மறுப்பது கடமைதானே என்று முஹாசிபி கேட்டார். இருக்கலாம், ஆனால் நீர் முதலில் அவர்களின் ஐயத்தை எழுதிவிட்டுப் பிறகு பதிலை எழுதியிருக்கிறீர். படிப்பவன் ஐயத்தைப் பிடித்துக்கொண்டு பதிலைப் பாராமலே போய்விட்டால் என்ன செய்வீர் என்று கேட்டார் இப்னு ஹன்பல்.

பத்திரிகை நடத்துகிற எவருக்கும் இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். பாதி படித்துவிட்டு மூடிவைக்கும் வாசகர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார். இன்று அந்தப் பாதியை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறார். கஸ்ஸாலி சொன்ன விடை எனக்கு நடைமுறைக்கு உகந்ததாகப் படுகிறது. பரவாத ஒரு வாதத்தைப் பொறுத்தவரை இப்னு ஹன்பல் சொல்வது சரி. யாருக்கும் தெரியாததை நாமே கொண்டுவந்து கடைவிரிக்க வேண்டியதில்லை. ஊரெல்லாம் பரவிவிட்ட வாதத்துக்கோ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை எடுத்துரைக்காமல் பதில் சொல்ல வழியில்லை. அதற்காக இல்லாத வலுவை நாமே கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம். இந்த அளவுகோல் எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி வேலைக்கு வருகிறது. ஒரு சமூகத்தின் மீது யாரோ மூலையில் உட்கார்ந்து கட்டிவிட்ட அவதூறுக்கு, ‘மறுப்பு’ என்ற பெயரில் நாங்கள் பந்தல் போடுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் உண்மையிலேயே நம்பும் கருத்து என்றால், அது எங்களுக்கு உவப்பில்லாததாக இருந்தாலும், அதை நம்புகிறவர் வாய்மொழியிலேயே முதலில் கேட்டுவிட விரும்புகிறோம்.

எதிராளியை முழுதாகக் கேட்பது பணிந்துபோவது ஆகாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதற்குச் சாட்சி. 1822-இல் நல்லூரில் பிறந்தவர், இளம் வயதில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவல் பாதிரியாரிடம் வேலை பார்த்தார். பைபிளைத் தமிழில் பெயர்க்கும் பணியில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சேறியது. வரிவரியாகப் பைபிளில் புழங்கிய அதே மனிதர்தாம் 1854-இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். கோயிலில் விளக்கும் தூபமும் படையலும் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, உங்கள் பழைய ஏற்பாட்டில் யூதர்களின் ஆலயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள் என அவர்களுடைய நூலையே விரித்துக் காட்டினார். நடை காரசாரமானது. ஆனால் வேதாகமத்தைத் தெரியாமல் பேசுகிறார் என்று எதிரில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு, பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் என்று மிஷனரிகள் கையாண்ட கருவிகளையெல்லாம் சைவத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யாழ்ப்பாணச் சைவம் இன்றிருக்கும் உருவத்தில் அது எதிர்த்து நின்ற மிஷனரிகளின் கைவரிசையும் இருக்கிறது.

எல்லா மதங்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பதினான்கு பேரோடு வாதாடியதில்தான் சித்தாந்தத்தின் எல்லைக்கோடுகள் துலங்கின. கெல்சஸ் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியதில்தான் ஆரிஜன் தன் நம்பிக்கையைக் கிரேக்கத் தத்துவத்தின் மொழியில் அப்படிச் சொல்ல நேர்ந்தது. நம் கொள்கை தூய்மையாக நம்மிடமே முளைத்தது என்று எண்ணிக்கொள்வது சுகமாகத்தான் இருக்கிறது. அதன் பல வரிகள் நம்மோடு உடன்படாத ஒருவர் கேட்ட கேள்வியால் எழுதப்பட்டவை.

இந்தக் கதையில் யாருடைய ஏட்டிலும் இடம் கிடைக்காத சிலரும் இருக்கிறார்கள். நீலகேசியிடமே திரும்பிப் போவோம். யார் அந்த நீலகேசி? காப்பியத்தின்படி, வடநாட்டுக் காளிகோயில் ஒன்றில் உயிர்ப்பலி வேண்டாம், மண்ணுருவம் போதும் என்று முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் மக்களுக்குச் சொல்லிவிடுகிறார். பலியை இழந்த காளி, அவரை விரட்டப் பழையனூர் நீலியைத் தெற்கிலிருந்து வரவழைக்கிறாள். நீலி பேயாக வந்து மிரட்டுகிறாள், அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. கடைசியில் அவரிடமே பாடம் கேட்டுச் சமணம் சார்ந்து, ஊர் ஊராக வாதாடப் புறப்படுகிறாள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலியை நம் நாட்டுப்புறக் கதைகளும் நன்றாக அறியும். குழந்தைகளைப் பயமுறுத்தும் பெயராக இன்னும் அது உலவுகிறது.

ஊர் நடுங்கிய ஒரு பெண் தெய்வத்தை எடுத்து, இந்தியாவின் தலைசிறந்த தருக்கவாதிகளை எதிர்கொள்ளும் அறிஞையாக ஆக்கியது அந்தச் சமணக் கவிஞரின் துணிச்சல். ஆனால் காப்பியத்தின் பத்துச் சருக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். குண்டலகேசிக்கு ஒரு வாதம், புத்தருக்கு ஒன்று, ஆசீவகருக்கு, சாங்கியருக்கு, வேதியருக்கு, பூதவாதிக்கு என்று ஆளுக்கொன்று. காளிக்கு ஆடு நேர்ந்துகொண்டவருக்கு மட்டும் வாதம் கிடையாது. அவர் ஏன் நேர்ந்துகொண்டார், எந்தக் குழந்தை பிழைக்க வேண்டி, எந்த மழை பெய்ய வேண்டி என்று யாரும் கேட்கவில்லை. அவர் திருத்தப்பட்டார், மறுக்கப்படவில்லை. மணிமேகலை சந்தித்த பத்துப் பேரிலும் அருள்நந்தி நிறுத்திய பதினான்கு பேரிலும் அவரைக் காணோம். அவரிடம் ஓலை இல்லை, சூத்திரம் இல்லை. ஆகவே வாதியாக நிற்கும் தகுதியும் இல்லை என்று எல்லாச் சமயத்தாரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மனித சிந்தனையின் வரலாறு என்று நாம் எழுதுவது எழுத்துள்ளவர்கள் ஒருவரையொருவர் மறுத்ததன் வரலாறு. மறுக்கப்பட்ட குண்டலகேசிக்கு 19 பாடல்களும் ஒரு கதையும் மிஞ்சின. பொருட்படுத்தவே படாதவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நம்பிக்கைகளைப் பற்றி எழுத வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதையே. நூல்நிலையத்துக்குப் போங்கள், அதோடு ஊர்க்கோடியில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பவரிடமும் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை உங்களுக்கு ஏற்றபடி அழகாக்காமல், உங்கள் கொள்கைக்கு ஏற்றபடி திருத்தாமல், எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு உடன்படுங்கள், மறுங்கள், உங்கள் விருப்பம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சமயம், வரலாறு பற்றிய கட்டுரைகளுக்கு வருகிற எதிர்வினைக் கடிதங்களை நாங்கள் ஆர்வத்தோடு படிக்கிறோம். சூடான கடிதங்களை இன்னும் ஆர்வத்தோடு. இனி எழுதும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். முதல் பத்தியில் கட்டுரையாளர் என்ன சொல்கிறார் என்பதை, அவர் படித்தால் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள். அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதையும் உங்களால் முடிந்தவரை சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியிலிருந்து உங்கள் ராஜ்யம். ஒளிவுமறைவில்லாமல் வெளுத்து வாங்குங்கள். அந்தக் கடிதங்களில் எதையும் நாங்கள் சுருக்க மாட்டோம். இடம் போதாவிட்டால் இந்தப் பக்கத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்